தப்பில்லாமல் வாசித்த பிள்ளை

"ஸ்பெஷல் வகுப்புல இடம் பிடிக்க ஒருத்தி நாடகமாடுறாளாமே. நல்லா வாசிக்கிற பொண்ண, எழுத்தே தெரியாதுன்னு சொல்லிட்டுத் திரியுறாளாம். எங்க நாத்தனார் சொன்னா, அவகிட்ட யாரோ சொன்னாங்களாம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துணிக்கடைக்காரம்மா தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"ஆட்டாதீங்கக்கா, காது போயிடும்" என்றாள் முடி வெட்டுகிறவள். அந்த ஒருத்தி அவள்தான்.

அவள் மகளுக்கு வாய் ஓயாது. வீட்டில் பெயரே வாயாடி. ஆனால் எழுத்து மட்டும் நிற்காது. நேற்றுப் படித்தது இன்று அந்நியமாக முறைக்கும். வாசிப்புச் சோதனைக்குக் கூட்டி வரச் சொல்லிப் பள்ளியில் அழைத்தார்கள். தடுமாறினால் பள்ளியைவிட்டே வெளியே தள்ளிவிடுவார்கள் என்று அம்மாவாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஈரத் துண்டுகளை மடித்தபடியே பாடப் புத்தகம் முழுவதையும் வரிவரியாகச் சொல்லி மகளின் காதில் ஏற்றினாள். படத்தை வைத்துப் பக்கத்தை அடையாளம் காணவும், வரிக்கடியில் விரலை ஓட்டவும்கூடப் பழக்கினாள்.

வாயாடி மளமளவென்று ஒப்பித்தாள். இருவரும் சிரித்துக்கொண்டே வீடு வந்தார்கள். அது ஸ்பெஷல் வகுப்புக்கான சோதனை, தடுமாறுகிற பிள்ளைகளுக்காகத்தான் அந்த வகுப்பே என்பது பிறகுதான் தெரிந்தது. "குறையொண்ணும் இல்ல, சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள். வேறு புத்தகம் கொடுத்துப் பார்க்கும்படி கெஞ்சினாள். "சீட்டுக்காக இப்படியுமா பேசுவீங்க?" என்றார்கள். சோதனை செய்த டீச்சர் சொன்னால்தான் உண்டு. அவரோ வேறு ஊர் போய்விட்டார். கடைசியில் அவருடைய போன் நம்பரை மட்டும் கொடுத்தார்கள். மிச்சம் ஒரே இடம், அதுவும் இன்று மாலைவரைதான். காலையிலிருந்து அடிக்கிறாள், எடுப்பாரில்லை.

"சும்மா உக்காந்திருக்கியே, அத வாசி பாப்பா" என்று துணிக்கடைக்காரம்மா மூலையைப் பார்த்துச் சொன்னாள். வாயாடியின் மடியில் பழைய பத்திரிகை ஒன்று, கூந்தல் எண்ணெய் விளம்பரம் தெரிய விரிந்து கிடந்தது. அவள் விரலை வரிக்கடியில் வைத்தாள். "ஆறு மலையில் பிறக்கிறது. பாறைகளைத் தாண்டி ஓடி வருகிறது..."

கண்ணாடி இல்லாத துணிக்கடைக்காரம்மா சொக்கிப்போனாள். "எவ்வளவு அழகா வாசிக்குது. பெத்தா இப்படிப் பெக்கணும்."

முடி வெட்டுகிறவள் கத்தரியை வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். முடி ஒட்டிய விரலால் மறுபடி அந்த நம்பரை அழுத்தினாள்.

"அம்மா, தப்பில்லாம வாசிச்சேன்ல?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.