பந்திங்கிலிருந்து கெட்டி மேளம் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நானும் என் மகள் தர்ஷினியும் எங்கள் ஊரான பந்திங்கில் கிள்ளான் பஸ் ஏறினோம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் மச்சினி கோமதிக்குக் கல்யாணம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள். மனைவி முந்தின நாளே தங்கையோடு போய்விட்டாள். உறவுக்காரர்கள் வேன் பிடித்து, பாட்டுப் போட்டு, மல்லிகையும் சென்ட்டும் மணக்கக் கிளம்பினார்கள். "வேன்ல இடம் இருக்கே, ஏன் பஸ்ஸு?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்த வேனில் ஏற்றினால் தெலுக் பங்லிமா காராங் தாண்டுவதற்குள் என் மகள் அழுது வாந்தி எடுத்துவிடுவாள் என்பதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? சிரித்து வைத்தேன்.

தர்ஷினிக்கு ஏழு வயது. சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் எல்லாம் அவளை ஒரே நேரத்தில், பலமாக வந்து தாக்கும். நமக்குச் சமையலறையில் ஓடும் மிக்ஸி அவளுக்குத் தலைக்குள் ஓடும். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் கெட்டி மேளம் கொட்டியதும் மண்டபத்தை விட்டுச் சாலைக்கே ஓடிவிட்டாள். லோரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். "பயந்திருக்கா, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்றார்கள். கட்டினோம். கயிறு உரசுகிறது என்று அதற்கும் அழுதாள்.

கோமதி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தர்ஷினியின் தலையில் சீப்பு வைக்க அனுமதி உள்ள ஒரே ஆள் அவள். "நீ பக்கத்துல இல்லன்னா நான் தாலி கட்டிக்க மாட்டேன்லா" என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். என் மகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. அவளால் அந்த நேரத்தில் அங்கே நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி.

செராஸில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு பயிற்சியாளரிடம் அவளை அழைத்துப் போகிறோம். அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், "என்ன வரப்போகுதுன்னு முன்னாலேயே சொல்லிடுங்க. 'ஒண்ணுமில்ல'ன்னு மட்டும் சொல்லாதீங்க" என்பதுதான். ஆகவே கிள்ளான் வரையிலான முப்பத்தைந்து கிலோமீட்டரும் நான் ரயிலின் அறிவிப்பிலிருந்து மண்டபத்துக் கூட்டம் வரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். செம்பனைத் தோட்டங்கள் முடிந்து தொழிற்சாலைகள் வந்தன. நான் வேலை செய்யும் இடத்தைப் பார்த்து அவள் கையசைத்தாள்.

கிள்ளானில் கம்யூட்டர் ரயில். டிக்கெட் எனக்கு நான்கு வெள்ளி சொச்சம், அவளுக்கு அதில் பாதி. கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பெட்டியில், வெயில் அடிக்காத பக்கமாக உட்கார்ந்தோம். தொழிற்சாலையில் நான் போடுவது போன்ற காதுமூடியைச் சிறுவர் அளவில் அவளுக்கு வாங்கியிருக்கிறேன். எதிரே இருந்த ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, பாட்டுக் கேக்கறியா?" என்றார்.

காதுமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, "இல்ல ஆன்டி, எதையும் கேக்காம இருக்கேன்" என்றாள்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க தம்பி. வீட்டுக்காரர் பேசறப்ப ஆவும்."

ஒன்பதரைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ். கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு, ஊதுபத்திப் புகை, கார்களின் ஹார்ன். பார்வையற்றவர்களுக்காக நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் வரிக் கற்கள்தான் எங்களைக் காப்பாற்றின. அந்த மேடுகளைப் பாதத்தால் அழுத்தி அழுத்தி, வேறெதையும் பார்க்காமல் நடந்தாள். எதிரே கோல் தட்டியபடி ஒருவர் வந்ததும் தானே விலகி நின்றாள். "இது அங்கிளோட ரோடு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மண்டப வாசலில்தான் வந்தது வினை. எல்லாவற்றையும் சொன்னவன் பன்னீரைச் சொல்ல மறந்துவிட்டேன். "வேணாம், அவளுக்கு ஒத்துக்காது" என்று நான் கையை நீட்டுவதற்குள், மனைவியின் பெரியம்மா "கல்யாண வீட்டுக்கு வந்துட்டுப் பன்னீர் வேணாமா? ஒரு சொட்டுதானேலா!" என்று ஆசையாகச் செம்பை உதறிவிட்டார். முகம் முழுக்கத் தெறித்தது. கூடவே நெற்றியில் ஈரச் சந்தனம். தர்ஷினி அங்கேயே தரையில் சுருண்டு, காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். பெரியம்மா வெலவெலத்துப் போனார். பாவம், அன்பில் செய்ததுதான்.

அவளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனேன். முகத்தைத் துடைத்துவிட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். லேசாகத் தடவினால் அவளுக்கு எரியும், இறுக்கினால் அடங்குவாள். அங்கே மேளக்காரர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வெகு நேரம் கழித்துத் தர்ஷினி தலையைத் தூக்கி, நாற்காலியில் இருந்த தவிலைப் பார்த்தாள்.

"நீங்கதான் கெட்டி மேளம் அடிப்பீங்களா?"

"ஆமாம்மா" என்றார் தவில்காரர்.

"எப்ப அடிப்பீங்க?"

"ஐயர் விரலத் தூக்கிக் காட்டுவாரு. ஒடனே அடிப்போம்."

அவள் யோசித்தாள். "நான் தூக்கட்டா?"

தவில்காரர் என்னைப் பார்த்தார். "நமக்கு ஓகே பாஸ். ஐயர கேட்டுக்குங்க."

போய்க் கேட்டேன். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் தாண்டக்கூடாது சார். பிள்ளை தூக்கலன்னா?" மணவறைக்குப் போகக் கிளம்பி நின்ற கோமதி, "அவ தூக்குவா ஐயரே" என்றாள். சரி என்று அவர் மணவறைக்கு நடந்தார்.

மணி பத்தே முக்கால். மணவறைப் படியருகே தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை தாலியைக் கோமதியின் கழுத்தருகே கொண்டுபோனார். ஐயர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தர்ஷினி காதுமூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். கை மட்டும் மேலே வரவில்லை. பின்வரிசையில் யாரோ "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தினார். தவில்காரர் அசையவில்லை, அவர் கண் என் மகள் மேலேயே இருந்தது. மண்டபம் மெல்ல மெல்ல அடங்கியது. அட்சதை ஏந்திய கைகள் அப்படியே நின்றன. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

குனிந்திருக்க வேண்டிய கல்யாணப் பெண் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "மெதுவாடா. சித்தி இருக்கேன்."

தர்ஷினி ஒரு மூச்சு இழுத்தாள். விரலைத் தூக்கினாள்.

மேளம் இடியாக இறங்கியது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. என் கையில் நகம் பதிந்தது. ஆனாலும் அவள் நின்றாள். தாலி ஏறுவதைக் கண்ணை மூடாமல் பார்த்தாள். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை, கண் கலங்கிவிட்டது. பன்னீர்ப் பெரியம்மா எங்கள் மேல் விழாதபடி அட்சதையைத் தள்ளிப் போட்டார்.

மேளம் ஓய்ந்ததும், "அப்பா, போதும். போலாம்" என்றாள். பந்திக்கு நிற்கவில்லை. இலையில் சாப்பிடாமல் போகிறோமே என்று மனைவிக்கு வருத்தம். தெருமுனைக் கடையில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினோம். நிறையக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு குழந்தைக்காக மேளம் காத்திருந்த கல்யாணம் இது ஒன்றுதான்.

ரயில் கிள்ளானை நெருங்கும் வரை அவள் காதுமூடியைக் கழற்றவே இல்லை. பயந்துவிட்டாளோ என்று எனக்குக் கவலை. "சத்தம் ரொம்பப் பெருசா இருந்துச்சாடா?" என்று கேட்டேன்.

"பெருசுதாம்பா" என்றாள். "ஆனா நான் கூப்பிட்டுத்தான் வந்துச்சு."