செங்கா எழுதிய சின்னச் சிக்கல்

வீடியோ கேம் சோதிக்கும் வேலைக்குச் செங்கா பெட்ரி வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் பதினோரு வருடம் ஸ்காட்லாந்தின் டண்டீ நகராட்சியில் வீட்டுப் பழுதுப் புகார்களுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். "மேல லேசா ஒழுகுது, அவசரமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் கூரை பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஆள் அனுப்புவாள். நகராட்சி அந்தப் பிரிவையே மூடியதும், வீட்டில் கணவரும் அவளும் விளையாட்டுப் பைத்தியங்களாக இருந்த தைரியத்தில், நதிக்கரையோரம் இருந்த ஒரு சின்ன கேம் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள்.

அங்கே எல்லாரும் அவளைவிடப் பதினைந்து, இருபது வயது இளையவர்கள். முதல் மாதம் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். விளையாட்டில் ஒரே சுவரில் ஒரே கதாபாத்திரத்தை நாள் முழுக்க முட்டவிட்டு, யாருக்கும் அகப்படாத ஓட்டையை அவள் கண்டுபிடித்ததும் பார்வை மாறியது. பத்து வருடத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைவியாகிவிட்டாள். கீழே நாலு பேர். அவர்களில் மூத்தவன் கிரெகர். வாய் துடுக்கு, வேலை சுத்தம்.

பிறகு அமெரிக்காவில் சியாட்டிலில் இருந்த ஒரு பெரிய கம்பெனி அவர்களை வாங்கியது. மீன்பிடிப் படகு விளையாட்டு ஒன்றை இரண்டு ஊரும் சேர்ந்து செய்வதென்று ஏற்பாடு. படகும் கடலும் டண்டீயில். ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் பகுதி சியாட்டிலில். அங்கே பொறுப்பு கொரீன் ஹாஸ்கெல் என்ற பெண்ணுக்கு. தினமும் மாலை நாலரைக்கு வீடியோ காலில் வருவாள். அவளுக்கு அப்போது காலை எட்டரை. வந்ததும் எல்லாரையும் பெயர் சொல்லி விசாரிப்பாள், எல்லாவற்றையும் அற்புதம் என்பாள். கால் முடிந்ததும் டண்டீக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கிண்டல் செய்கிறாளோ என்று முதல் வாரம் கிரெகருக்கு உண்மையிலேயே சந்தேகம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டுச் சேமித்தால் சில சமயம் அதுவரை ஆடிய ஆட்டம் மொத்தமும் அழிந்துபோவதைச் செங்கா பார்த்தாள். மூன்று கணினிகளில் செய்து பார்த்துவிட்டு, சியாட்டிலுக்கு எழுதினாள். துறைமுகத்தில் சேமிக்கும்போது ஒரு சின்னச் சிக்கல் இருக்கும்போலத் தெரிகிறது, எங்கள் கணினிகளில் மட்டும்தானோ என்னவோ, நேரம் கிடைத்தால் ஒரு பார்வை பார்த்தால் நன்றாயிருக்கும், தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

டண்டீ புரோகிராமர் ஒருவனுக்கு அப்படி எழுதியிருந்தால் அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்திருப்பான். செங்காவே மன்னிப்புக் கேட்கிறாள் என்றால் வீடு பற்றிக்கொண்டு எரிகிறது என்று பொருள். கொரீன் படித்தாள். நேரம் கிடைத்தால் என்றிருந்தது, நேரம் கிடைக்கவில்லை. பட்டியலின் அடியில் போட்டாள்.

செங்கா ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதினாள். முந்தைய மெயில் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது மேசையில் ஓங்கி அடித்த மாதிரி. வந்தது, மிக்க நன்றி, நீங்கள் ஒரு ரத்தினம் என்று கொரீன் பதில் போட்டாள்.

ஏப்ரலில் நாலாயிரம் பேருக்கு விளையாட்டை வெள்ளோட்டம் விட்டார்கள். இரண்டே நாளில் அறுநூறு பேருடைய ஆட்டம் காணாமல் போனது. திட்டி எழுதியவர்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள்.

அன்றைய காலில் கொரீன் யாரையும் விசாரிக்கவில்லை.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, செங்கா?"

"தெரியும். உங்களுக்கு எழுதியிருந்தேனே."

"சின்னச் சிக்கல்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

"அறுநூறு பேரோட ஆட்டம் போயிடுச்சு. இது சின்னதா?"

செங்காவுக்குக் காது மடல் சூடேறியது. டண்டீ அறையில் எல்லாரும் அந்த மெயிலைப் பார்த்திருந்தார்கள், எல்லாருக்கும் அது அபாய மணியாகத்தான் கேட்டிருந்தது. ஆனால் கொரீன் அதை எடுத்துச் சொன்னபோது, அந்தக் குரலில், அது வெறும் சின்னச் சிக்கலாகவே இருந்தது. செங்கா அதை முதல்முறையாக அப்படிக் கேட்டாள்.

பழியை யார் தலையில் போடுவதென்று சியாட்டில் மேலிடம் விசாரித்தது. இரண்டு மெயில்கள் கையில் இருந்தன. செங்கா அவற்றை அனுப்பிவிட்டுக் கைகழுவியிருக்கலாம். கிரெகர் அப்படித்தான் செய்யச் சொன்னான். அவள் மெயில்களை அனுப்பினாள், கூடவே இரண்டு வரி சேர்த்தாள்: நான் சொன்னேன், ஆனால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. அந்த இரண்டு வரியை எழுத ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

கொரீன் மே மாதம் இரண்டு வாரம் டண்டீக்கு வந்தாள். செங்காவின் பக்கத்து மேசை. மூன்றாம் நாள், சாப்பாட்டு வேளையில், உங்க ஊரில் ஒருத்தருக்குக் கோபம் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள்.

"ரொம்ப மரியாதையா பேசினா," என்றாள் செங்கா. "உங்க ஊர்ல?"

"பாராட்டுக்கு அப்புறம் என்ன வருதுன்னு பாருங்க. அற்புதம்னு ஆரம்பிச்சா, விஷயம் மூணாவது வரியில இருக்கும்."

"அப்போ துறைமுகத்துக்குக் கிரெகர் சொன்ன யோசனை அற்புதம்னு சொன்னீங்களே?"

"அதை முழுசா மாத்தணும்னுதான் சொன்னேன்."

அதைக் கேட்டுக் கிரெகர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். துறைமுகத்துக்கான அவனுடைய யோசனையை அவர்கள் மெச்சிவிட்டார்கள் என்று ஆறு வாரமாக நம்பியிருந்தான்.

அதன்பிறகு செங்கா சியாட்டிலுக்கு எழுதும்போது வேறு மாதிரி எழுதப் பழகினாள். இது உடைந்திருக்கிறது, இன்றே சரிசெய்யுங்கள். எழுதி அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் கூச்சமாக இருக்கும். அங்கே யாரும் கோபப்படவில்லை. தெளிவாக இருக்கிறது என்று நன்றி சொன்னார்கள். ஆனால் பழக்கத்தில் ஒருமுறை டண்டீ புரோகிராமர் ஒருவனுக்கே அப்படி அனுப்பிவிட்டாள். அவன் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டவன் அவள் கோப்பையை மட்டும் விட்டுவிட்டான். அவள் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் சரியானது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை கொரீன் தனியாகக் கால் போட்டாள். உற்சாகமான சில மாற்றங்கள் வரப்போகின்றன, உங்கள் குழுவை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் தெரியுமா என்று தொடங்கினாள். செங்கா மூன்றாவது வரிக்குக் காத்திருக்கவில்லை.

"எத்தனை பேரு, கொரீன்?"

திரையில் கொரீனின் சிரிப்பு நின்றது. "ரெண்டு பேரோட வேலை. என்னை மன்னிச்சிடுங்க. நான் எதிர்த்துப் பார்த்தேன்."

"யாருகிட்ட எழுதணும்னு மட்டும் சொல்லுங்க."

கொரீன் பெயரைச் சொன்னாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். செங்கா அன்று மாலையே எழுதினாள். நாலு பேரும் வேண்டும். இரண்டு பேரை நீக்கினால் துறைமுகத்தில் நடந்தது மறுபடி நடக்கும். அது நடந்தால் இந்த மெயிலை எடுத்துக் காட்டுவேன். மன்னிப்பு, தொந்தரவு, ஒருவேளை என்ற சொற்கள் எதுவுமே அதில் இல்லை. ஆளைக் குறைக்குமுன் சட்டப்படி நடத்தவேண்டிய ஆலோசனை ஒரு மாதம் இழுத்தது. கடைசியில் ஒரு வேலை தப்பியது. ஒன்று தப்பவில்லை.

நாலு பேரில் சம்பளம் அதிகம் என்பதால் போனது கிரெகருடைய வேலை. அவனுக்கு எடின்பரோவில் ஒரு வங்கியில் இடம் கிடைத்துவிட்டது. வழியனுப்ப மதுக்கடையில் கூடினார்கள். வழக்கம்போல ஆளுக்கு ஆள் அவனை வாரினார்கள். உன் மேசையை இனி நாய்க்குத்தான் கொடுக்கப்போகிறோம் என்றார்கள். செங்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"கிரெகர், நான் பார்த்த சோதனைக்காரங்கள்ல நீதான் கெட்டிக்காரன். உன்னைக் காப்பாத்த முடியலைங்கறது எனக்கு வருத்தமா இருக்கு."

ஒருவன் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனான். கிரெகருக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான். பிறகு தன் கோப்பையையே பார்த்துக்கொண்டு, "சரி. நன்றி," என்றான்.

திங்கட்கிழமை அவன் ரயிலில் எடின்பரோ போனான். அவன் வேலையை மற்ற மூன்று பேரும் செங்காவும் பங்குபோட்டுக்கொண்டார்கள். செப்டம்பரில் விளையாட்டு வெளிவந்தது. துறைமுகத்தில் சேமித்தது எதுவும் அழியவில்லை.