ஒரே ஆணியில் இரண்டு கோட்டு

சூடான ப்ரொஜெக்டரில் தூசி கருகும் வாசனை... கூடவே விடாமல் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஃபிலிம் சொசைட்டி.

செயலாளர் சாரி மாமா கையில் எப்போதும் ஒரு காலண்டர் அட்டை இருக்கும். முத்தக் காட்சி வந்தால் லென்ஸுக்கு முன்னால் நீட்டி மறைத்துவிடுவார். மயிலாப்பூர் மாமிகள் குடும்பத்தோடு வருகிற இடமாயிற்றே! திரை இருட்டாகிவிடும், வசனம் மட்டும் ஓடும். பின்வரிசையில் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அன்றைக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் சஸ்பென்ஸ் படம்.

“பேஷான படம். லவ் சீனே கிடையாது. குழந்தேளோட பாக்கலாம்” என்று அறிவித்துவிட்டு, மாமா அட்டையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார். பாவம் மனுஷர்!

என் பக்கத்தில் ரகு. அடுத்த தெருப் பையன். சேர்ந்து படம் பார்த்தே பழக்கம். அதை வைத்து இரண்டு வீட்டிலும் ஜாதகம் பார்த்து, பொருத்தம் பிரமாதம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். எனக்குச் சம்மதம்தான். உண்மையைச் சொன்னால், கொள்ளை ஆசை.

படத்தின் கதை சின்னது. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு நண்பர்கள். வீட்டுக்காரர் கொலையாகிவிடுகிறார். ஒருவன் மேல் சந்தேகம். போலீஸ் விசாரிக்க வருகிறது.

ஆனால் அந்த கேமரா இருக்கிறதே... அடேயப்பா! மற்றவர்கள் பேசும்போது ஆளுக்கொரு ஷாட்டாக வெட்டி வெட்டிக் காட்டும். இவர்கள் இருவரும் தனியாக இருந்தால் வெட்டே கிடையாது. ஒரே ஃப்ரேமில் வைத்து மெதுவாகச் சுற்றி வரும். ஒருவன் மற்றவனுக்குச் சட்டைக் கையில் பட்டன் போட்டுவிடுகிறான். கேமரா அந்தக் கையிலேயே தேவைக்கு மேல் கொஞ்சம் நின்றது.

போலீஸ் அதிகாரி இருவரில் ஒருவனிடம் கேட்கிறார், “அவன் உனக்கு யார்?”

கேமரா பதில் சொல்கிறவன் முகத்துக்குப் போகவே இல்லை. மெல்ல நகர்ந்து சுவருக்குப் போனது. அங்கே ஒரே ஆணியில் இரண்டு கோட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. “ஃப்ரெண்ட்” என்று குரல் மட்டும் கேட்டது.

அத்தோடு ரீல் முடிந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ப்ரொஜெக்டர். ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டுத்தான் மாற்றுவார்கள்.

“அந்த இடத்துல ஏன் மூஞ்சியக் காட்டலை?” சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

ரகுவுக்குக் கண் கலங்கியிருந்தது.

“காட்டினா, பொய் சொல்ற மூஞ்சியக் காட்டணும் ஜெயா. டைரக்டருக்கு மனசு வரலை.”

“அப்போ அவா ரெண்டு பேரும்...”

“ஆமா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நானும் அப்படித்தான். ஆத்துல சொல்ல தைரியம் இல்ல. உன்னை ஏமாத்தவும் மனசு வரலை” என்றான்.

விளக்கு அணைந்தது. கொலைகாரன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருட்டில் அழுதுகொண்டிருந்தேன். கோபம்கூட வந்தது. ஆனால் யாரிடமும் சொல்லாததை என்னை நம்பிச் சொன்னானே...

வீட்டுக்கு வந்து, “எனக்கு ரகுவைப் பிடிக்கலை” என்று சொல்லிவிட்டேன். அப்பா கத்தித் தீர்த்தார். ரகுவின் அம்மா என்னோடு பேசுவதையே விட்டார். திமிர் பிடித்தவள் என்று தெருவெல்லாம் பெயர். போகட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

ரகு இப்போது பாலவாக்கத்தில், பீட்டரோடு இருக்கிறான். எத்தனையோ வருஷமாகிவிட்டது. பீட்டர் அந்த ஊர்க்காரர்தான். கடலுக்குப் போகிற குடும்பம்.

போன மாதம் என் மகளின் காலேஜ் நண்பன் வந்திருந்தான். “ஆன்ட்டி, இவன் என் பாய்ஃப்ரெண்ட்” என்று மொபைலில் ஒரு போட்டோவைக் காட்டிவிட்டு, காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டான். அவ்வளவு சுலபமாக! சந்தோஷமாக இருந்தது. ரகுவையும் நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மாட வீதிக் காய்கறிக் கடையில் ரகுவின் அம்மா. தானாகவே வந்து என் கையைப் பிடித்தார்.

“டாக்டர்கிட்ட என்னை பீட்டர்தான் அழைச்சுண்டு போறான். தங்கமான பிள்ளை...” என்றார். பிறகு மெதுவாக, “உனக்கு அப்பவே தெரியுமோடி?”

“தெரியும் மாமி. ரெண்டு பேரும் ஒரு சினிமா பாத்தோம். அதை வெச்சுத்தான் சொன்னான்.”

மாமி முருங்கைக்காயைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அதை எனக்கும் அப்பவே காட்டியிருக்கப்படாதோ?” என்றார்.