பெரிய கப்பைத் தொட்டேன்

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று, யார் தயவும் இல்லாமல் வாழ்கிறவள் நான். அரசுப் பல்கலைக்கழகத்தில் மனையியல் படிக்கும் பெண் ஒருத்தி, எங்கள் தெருவில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுத வந்தாள்.

அளவுக் கப்புகளை வைத்து, "நேத்து சோறு எவ்ளோ ஆயா?" என்றாள். பெரிய கப்பைத் தொட்டேன். "மூணு வேளையும் இதான். கூட வஞ்சிரம்."

"ராஜ வாழ்க்கையா கீதே ஆயா," என்று வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களில் பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

அந்தப் பெண் ரத்தம் இருக்கிறதா என்று என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். எல்லோரும் போனதும் புதுத் தாள் எடுத்தாள். "நான் சரியா எழுதல ஆயா. முதல்லேர்ந்து சொல்றீங்களா?"

"ரெண்டு டீ, ஒரு பன்னு. அவ்ளோதாம்மா," என்றேன்.

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் ரொம்பக் குறைவாம், மாத்திரை கொடுத்தார்கள்.

பொய் சொன்னது நான். தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டது அவள். பெற்ற பிள்ளையிடம்கூட அதுவரை நான் பசியைச் சொன்னதில்லை.