ஒரே முகவரியில் இரண்டு பேர்

ஹட்டன் நகரத்தில் ஒரு அச்சகத்தில் பேனர் வடிவமைப்பது என் வேலை. கோயில் திருவிழா, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லதும் கெட்டதும் என் கை வழியாகத்தான் போகும். வேலை முடிந்து பஸ் பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் என் தோழி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் கொழும்புப் பக்கம் தையல் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் டிசைன் கற்றுக்கொண்டாள். புருஷன் விட்டுப்போன பிறகு, சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கும் அம்மாவிடமே திரும்பி வந்துவிட்டாள்.

நாங்கள் இருவரும் இணையத்தில் நடக்கும் லோகோ போட்டிகளில் சேர்வோம். எங்கோ ஒருவர் கடை திறப்பார், லோகோ வேண்டும் என்று போட்டி வைப்பார். பல நாட்டுக்காரர்களும் வரைந்து அனுப்புவார்கள். அவருக்குப் பிடித்த ஒன்றுக்குப் பரிசு, மற்றதெல்லாம் குப்பை. மலை முழுக்க ஆட்களை ஏற்றிப் பறிக்கவிட்டு, ஒருத்திக்கு மட்டும் அன்றைய சம்பளம் போடுவது போன்ற ஏற்பாடு. இதை எந்தத் தொழிற்சங்கமும் ஒத்துக்கொள்ளாது. நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

ஒருமுறை விடுதிக்காரர் ஒருவர் அவளை நிறம் மாற்று, எழுத்து மாற்று என்று நாள்கணக்கில் வாட்டி எடுத்தார். கடைசியில் யாரையும் தேர்ந்தெடுக்காமலேயே போட்டியை மூடிவிட்டுப் போய்விட்டார். கேட்டால், அந்தப் போட்டிக்குப் பரிசு உத்தரவாதம் கிடையாதாம். அதன் பிறகு ‘பரிசு உறுதி’ என்ற முத்திரை உள்ள போட்டிகளில் மட்டும் சேர்ந்தோம். அவற்றில் நடத்துபவர் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும், நடுவில் கழன்றுகொள்ள முடியாது. யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்று விதியில் இருந்தது. அந்த வரியை நாங்கள் வேதவாக்காக நம்பினோம்.

அப்போதுதான் ஏஜென்சிக்கார அக்கா ஒருவர் அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். குவைத்தில் வீட்டு வேலை. பாஸ்போர்ட் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். மகள் பாட்டியிடம் வளரும் என்று முடிவாகியிருந்தது, ஆனால் அவள் மனசு மட்டும் முடிவாகவில்லை.

“ஒரே ஒரு போட்டி ஜெயிச்சாப் போதும் புள்ள, நான் போகமாட்டேன்” என்றாள். “இதாலயும் பொழச்சுக்கலாம்னு ஒரு நம்பிக்கை வந்துட்டாப் போதும்.”

பிறகு வந்த போட்டி ஏதோ குளிர்நாட்டு பேக்கரிக்கு. உறுதி முத்திரை இருந்தது. இருவருமே சேர்ந்தோம். நான் எல்லாரையும் போலக் கோதுமைக்கதிர் வரைந்தேன். அவள் பாதி திறந்த அடுப்புக் கதவையும் அதிலிருந்து வரும் வெளிச்சத்தையும் வரைந்தாள். ரொட்டியே இல்லை. பார்த்தவுடனே எனக்குப் பொறாமையாக இருந்தது, அவளிடமே சொன்னேன். சிரித்தாள்.

அவள்தான் ஜெயித்தாள். செய்தி வந்த மாலை பனி மூட்டமாக இருந்தது. திரையைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு ஏஜென்சிக்கார அக்காவுக்குப் போன் போட்டு, “நான் வரலக்கா, மன்னிச்சுக்குங்க” என்றாள். மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா எங்கயும் போகல” என்று சொன்னாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பரிசு கொடுப்பதற்கு முன் இணையதளத்தார் ஆளைச் சரிபார்ப்பார்கள். அவள் அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு நாளில் அவள் கணக்கு முடக்கப்பட்டது, என்னுடையதும்தான். ஒரே முகவரி, ஒரே இணைய இணைப்பு, ஒரே போட்டியில் இரண்டு கணக்கு. ஒரே ஆள் இரண்டு பெயரில் கலந்துகொள்வது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம், ஆகவே இருவரின் படைப்புகளும் நீக்கப்படுகின்றன என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஹட்டன், அவ்வளவுதான். அத்தனை குடும்பத்துக்கும் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அடையாள அட்டையிலும் அதே வரிதான் இருக்கிறது. முகவரி என்பது ஒரு ஆளைத் தனியாகக் காட்டுவதற்கு என்ற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் யோசித்திருப்பார்கள். நாங்களோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வீட்டு ரவுட்டரில், ஒரே வரியை இருவருமாகப் பதிந்து போட்டியில் சேர்ந்தோம்.

சும்மா இருக்கவில்லை. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் கடிதம் வாங்கினோம். இருவரும் இந்தத் தோட்டத்தில் வசிப்பவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிலும் அதே முகவரி. கிராம சேவகர், “எல்லாருக்கும் ஒன்றுதானே” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவரும் அதையே எழுதிக் கொடுத்தார். கடைசியாக அடையாள அட்டைகளைப் பிடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்து அனுப்பினோம். நாங்கள் இரண்டு பேர் என்று காட்ட அதற்கு மேல் என்ன செய்வது?

மரியாதையான பதில்தான் வந்தது. பங்கேற்பாளர்கள் அனைவருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் முடிவை மாற்ற இயலாது. உத்தரவாதம் அளித்தபடி பரிசு வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது.

சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். யாருக்காவது கொடுப்போம் என்றார்கள், கொடுத்தும்விட்டார்கள். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் திட்டினேன்.

“அவங்கள ஏன்டி திட்டுற?” என்றாள் அவள். “பேர மாத்தி மாத்திப் போட்டு ஏமாத்துறவங்க எத்தன பேரு இருப்பாங்க. நம்மள அவங்களுக்கு எப்புடித் தெரியும்? நானா இருந்தாலும் அப்புடித்தான் நெனச்சிருப்பேன்.”

அவள் என்னோடு சேர்ந்து திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதேன். நான் திரும்பி வரும்போது ஏஜென்சிக்கார அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் குவைத்துக்குப் போய்ப் பல மாதமாகிறது. போன வெள்ளிக்கிழமை, அவள் வேலை செய்யும் வீட்டு முகவரியை எனக்கு அனுப்பியிருந்தாள். வீட்டு எண், தெரு, வட்டாரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இதைப் போட்டு நீ புதிதாக ஒரு கணக்குத் திறந்துகொள், உனக்காவது ஒன்று கிடைக்கட்டும் என்று எழுதியிருந்தாள்.

நான் போன் போட்டேன். “வேணாம் புள்ள. உள்ளத உள்ளபடி போட்டதுக்கு ஏமாத்துக்காரின்னாங்க. இதப் போட்டா நெசமாவே ஏமாத்தினதாயிடும்.”

பின்னால் யாரோ அரபியில் கூப்பிடுவது கேட்டது.

“சரி, அப்ப சும்மா வச்சுக்க” என்றாள். “பாப்பா எழுதப் பழகினா இதுக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லு. இந்த அட்ரஸ்ல நம்ம ஆளு நான் ஒருத்திதான் இருக்கேன். மாறிப் போகாது.”