நன்றி நோட்டில் அம்மா

எங்களை வீட்டில் கொண்டுவிடும் வேனைக் கம்பெனி நிறுத்திய அதே வாரத்தில்தான் எங்களுக்கு மஞ்சள் அட்டை போட்ட நோட்டுகளைக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று மேலாளர் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் உப்பைக் கழுவி, அயோடின் சேர்த்து, பாக்கெட் போடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வேதியியல் டிப்ளமோ படித்தவள். உப்பளங்களிலிருந்து வரும் உப்பில் ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று பார்த்துப் படிவத்தில் எழுதுவது என் வேலை. எழுதியதை மூன்று தடவை சரிபார்ப்பது என் பழக்கம்.

நோட்டோடு பாண்டியிலிருந்து ஒரு பயிற்சியாளரும் வந்திருந்தார். காட்டன் புடவை, மெல்லிய குரல். சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, தினமும் படுக்கப்போகும் முன் நன்றி சொல்லத் தோன்றும் மூன்று விஷயங்களை எழுதுங்கள் என்றார். பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு வாய் தண்ணீர் போதும். மாதக் கடைசியில் ஆளுக்கு ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும். அவர் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடாமல் இருந்தது. அது நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் 'நன்றி' என்ற சொல் தனியாக வந்து நான் கேட்டதில்லை. கூட்டத்தில் பேசுகிறவர்கள் சொல்வார்கள், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். வீட்டில் அது எப்போதும் 'கெட்டவளே' என்பதோடு சேர்ந்துதான் வரும். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால், சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போகாவிட்டால், நன்றி கெட்டவளே. ஆக, எனக்குத் தெரிந்தவரை நன்றி என்பது நம்மிடம் இல்லாதபோது மட்டும் பேர் சொல்லப்படும் ஒரு பொருள். அதைத் தினமும் மூன்று என்று எழுதச் சொன்னால் என்ன எழுதுவது?

முதல் வாரம் வேண்டுமென்றே கிண்டலாக எழுதினேன். "இன்று பஸ் வந்தது." "இன்று தராசு சரியாக இருந்தது." "இன்று மின்விசிறி ஓடவில்லை, ஆனால் காற்று வந்தது." நோட்டை யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்ற நினைப்பிலேயே எழுதினேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து அம்மா நோட்டுக்குள் வந்துவிட்டாள்.

வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அவள் அளத்தில் உப்பு வாருகிறவள். விடியுமுன் ஷேர் ஆட்டோவில் மற்ற பெண்களோடு போய், வெயில் ஏறியதும் திரும்பிவிடுவாள். வேன் நின்ற பிறகு நான் ஆறரை மணி பஸ்ஸில் கூனிமேட்டில் இறங்க ஆரம்பித்தேன். நிறுத்தம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கம், பாய் கடையை ஒட்டி. வீடு சாலைக்கு எதிர்ப் பக்கம். ஒரு வாரம் கழித்து ஒரு நாள், நான் இறங்கும்போது அம்மா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பையில் கொஞ்சம் வெங்காயம். ஏன் வந்தாய் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். அடுத்த நாளும் வந்தாள்.

அதை எழுதினேன். அதை எழுதும்போது மட்டும் யார் படிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

இதே நாட்களில் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொந்தரவு. உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிதாளில் ஊற்றினால் கரையாத மண் தாளில் தங்கும். நல்ல உப்பு என்றால் தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். ஒரே அளத்தின் ஒரே வரிசையிலிருந்து வந்த உப்பு மட்டும் தாளைச் சாம்பல் நிறமாக்கியது. வாய்க்கால் ஓரமாக இருக்கும் பாத்திகளின் வரிசை, சாக்கிலேயே எழுதியிருக்கும். அந்த வரிசையில் நான்கு பெண்கள் வாருகிறார்கள், அவர்களில் ஒருத்தி என் அம்மா.

பாத்தியில் உப்பு படிந்ததும் நீளக் கம்பில் மாட்டிய மரப்பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். அடிவரை அழுத்தக்கூடாது, அடியில் சேறு. வெள்ளை முடிந்து சாம்பல் தொடங்கும் இடத்தில் கை நின்றுவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள்தான் சேற்றையும் சேர்த்து வாருவார்கள். அதனால் அம்மாவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. லாரியைச் சந்தேகப்பட்டேன். சாக்கைச் சந்தேகப்பட்டேன். வேறு அளத்து உப்பை அந்த அளத்து மேஸ்திரி கலக்கிறாரோ என்றுகூட யோசித்தேன். மாதிரியை நானே நேரில் போய் எடுத்துவந்து மறுபடி வடிகட்டினேன். தாள் சாம்பலாகத்தான் வந்தது.

மாதக் கடைசி வந்தது. எதைப் படித்துக் காட்டலாம் என்று நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். எந்தப் பதிவேட்டையும் நான் ஒரே மாதிரிதான் படிப்பேன், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து.

அம்மா பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். இது மட்டும் பதினோரு தடவை. சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான். மீனை என்னை ஆயச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினாள். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி என் பொத்தானைத் தைத்தாள். நீ ஊற்றினால்தான் டீ நன்றாக இருக்கிறது என்றாள்.

இரண்டாம் தடவை படித்தபோது ஒவ்வொரு வரியிலும் உள்ள பொருளைத் தனியாக எழுதிப் பார்த்தேன். மீன் முள், ஊசிக் கண், டம்ளர் விளிம்பு, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம். நான் பாசம் என்று எழுதி வைத்திருந்த அத்தனையும் கண் பார்க்க வேண்டிய வேலைகள். பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதும் கண் பார்க்க வேண்டிய வேலைதான்.

மறுநாள் கூடத்தில் மின்விசிறி வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். மேலாளர் குனிந்து போனைப் பார்த்தார். என் நினைப்பு அங்கே இல்லை.

அன்று மாலை நான் செய்ததை இன்றுவரை அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் வந்து, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். சாலையோரமாக நடந்து பாய் கடைக்குப் பத்தடி தூரத்தில் போய், அம்மாவுக்கு நேர் எதிரே நின்றேன். பேசவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தாலும் வெளிச்சம் இருந்தது. என் சுடிதாரில் இருந்த பூக்கள்கூடத் தெளிவாகத் தெரிகிற வெளிச்சம்.

அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறரை மணி பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கியவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போக, அம்மா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். எல்லோரும் போன பிறகு பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அம்மா."

"எங்கருந்துடி வர்ற? பஸ்ஸுலருந்து நீ எறங்கலியே?"

"இங்கதாம்மா நின்னுக்கினு இருக்கேன். என்னைப் பாத்த நீ."

அம்மா குரல் வந்த பக்கம் நெருங்கி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, "யாரோ பொம்பள நிக்குதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"எத்தினி நாளா இப்படி?"

"தெரியாமலாம் இல்ல. மசமசன்னு தெரியுது. வெயில்ல எல்லாமே வெள்ளையாத் தெரியுது, அவ்ளோதான்."

பொங்கலிலிருந்தே இப்படித்தானாம்; கடைக்கு யார் கூடவாவது வந்துவிடுவாள், திரும்பும்போது வண்டி வெளிச்சம் கண்ணில் கூசும் என்பதால் எனக்காக நிற்பாளாம். மழை தொடங்கி அளத்தில் வேலை நிற்கும்வரை எப்படியாவது ஓட்டிவிட்டு, ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்திருக்கிறாள். பாதிப் பருவத்தில் போனால் வரிசையில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள், திரும்ப அந்த இடம் கிடைக்காது என்று பயம். கண்ணைவிட அந்தப் பயத்தைத்தான் அவள் என்னிடம் மறைத்திருந்தாள்.

சாலையைக் கடந்தபோது வழக்கம்போலக் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமானது என்று முதல் தடவையாகக் கவனித்தேன். நோட்டில் அதை எனக்குக் கிடைத்ததாக எழுதியிருந்தேன். அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அது.

மறுநாள் காலை, அதுவரை மறுசோதனை என்று நிறுத்திவைத்திருந்த படிவத்தில் வாய்க்கால் ஓர வரிசை என்று எழுதி, மண்ணின் அளவை உள்ளபடியே எழுதினேன். வேறு எண்ணை எழுத எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். அது அளத்துக்குப் போனால்தான் அம்மா வேலைக்குப் போவதை நிறுத்துவாள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது என்று அப்போது நம்பினேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை.

சாயங்காலம் நானே சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நன்றி கெட்டவளே. இருவது வருசமா இந்த உப்பை வாரித்தான்டி உன்னப் படிக்க வெச்சேன். அந்தப் படிப்ப வெச்சு என்னையே எழுதிட்டு வந்து நிக்கற."

"உன் பேரை எழுதலம்மா. வரிசையைத்தான் எழுதினேன்."

"வரிசைல நாலு பேருடி. நான் பண்ணதுக்கு மத்த மூணு பேரும் கெட்ட பேரு வாங்கணுமா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்க்கிறவள், அந்த மூன்று பேரை மறந்திருந்தேன்.

விடியற்காலையில் அவள் ஆட்டோவில் ஏறியபோது நானும் ஏறினேன். அளத்தில் இறங்கியதும் யாருக்காகவும் நிற்காமல் நேரே மேஸ்திரியிடம் போனாள். சேற்றை வாரியது நான்தான், கண் மங்கிப்போச்சு, இவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றாள். ஐந்து மாதம் பொத்தி வைத்ததை ஐந்து நொடியில் சொல்லிவிட்டாள்.

மேஸ்திரி கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தார். பலகை சேற்றில் போகும் சத்தமே வேறு, போன மாதமே காதில் விழுந்தது, நீயாகச் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். போய்க் கண்ணைப் பார்த்துக்கொண்டு வா, இடம் அப்படியே இருக்கும் என்றும் சொன்னார்.

எளிதாகச் சொன்னதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த மூன்று பேர் முன்னாலும் இதையே ஒரு தடவை சொல்லச் சொன்னேன்.

"ஏம்மா, உன் லேபுல குடுக்கறாப்பல ரிப்போர்ட்டு குடுக்கணுமா?"

"குடுத்தா நல்லா இருக்கும்ணே."

மூன்று பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவர் அவர்களைப் பார்த்து, உரக்க, இன்னொரு தடவை சொன்னார். அதில் ஒருத்தி அம்மாவைப் பார்த்து, உன் பொண்ணு கல்யாண மேடையில மாப்பிள்ளைகிட்டயும் இப்படித்தான் சாட்சி கேக்கும் என்றாள். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் ஆட்டோவில் போட்டிருந்த முறைப்பு குறைந்திருந்தது.

பாண்டியில் ஒரு கண்ணுக்குப் புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்னொரு கண்ணை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வீட்டு நடுவில் நின்று சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"வூடு இவ்ளோ ஒட்டடையா இருக்குது, ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடி?"

பிறகு என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கண்ணுக்குக் கீழே என்ன கருப்பு என்று கேட்டாள். சந்தேகத்தோடு என்னைப் பார்த்தது அம்மா என்பது புதிதாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவள் அளத்துக்குத் திரும்பினாள். இடம் இருந்தது. அந்த வரிசை உப்பை மூன்று முறை வடிகட்டினேன். தாள் வெள்ளையாக இருந்தது. இனி நிறுத்தத்துக்கு வரத் தேவையில்லை, நானே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். சரி என்று தலையாட்டியிருந்தாள்.

போன வாரம் ஆறரை மணி பஸ் பாய் கடைக்கு முன்னால் வேகம் குறைந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னை அவள் நான் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டாள். கையைத் தூக்கிக் காட்டினாள். இறங்கியதும், தலையைக்கூட வாராமலா வேலைக்குப் போனாய் என்று கேட்டாள்.

"நீ எதுக்கு வந்த?"

"சும்மாதான்."

பையை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு தீப்பெட்டி. வீட்டில் முழு டஜன் பிரிக்காமல் இருக்கிறது, நான்தான் அடுக்கி வைத்தேன். சாலையோரம் வந்ததும் இரண்டு பக்கமும் அவளே பார்த்தாள். ஒரு லாரி போகும்வரை நிறுத்தினாள். பிறகு அவள் கை பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கண் இன்னும் பாக்கி இருக்கிறது, அதனால் இருக்கலாம். பழக்கமாக இருக்கலாம். கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

கம்பெனியில் அந்த நோட்டுகளை இப்போது யாரும் கேட்பதில்லை. மின்விசிறியைச் சரிசெய்துவிட்டார்கள், வேன் திரும்ப வரவில்லை. நான் நோட்டை எடுத்தேன். மூன்று எழுதவில்லை, ஒன்றுதான். ஆய்வுக்கூடப் படிவத்தில் எழுதுகிற மாதிரியே எழுதினேன்.

அம்மா வந்திருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள். காரணம்: தெரியவில்லை. சோதிக்கவில்லை.