ஒத்தமரம்

வீடு முழுக்க வெனிலா வாசம். மகள் கேக் செய்து விற்கப் போகிறாள். பேஸ்புக்கில் பக்கம் திறக்க ஒரு பெயர் வேண்டுமாம். "நீங்களும் கடை வச்சவருதானே அப்பா, ஒரு பேரு சொல்லுங்க" என்றாள். பெயர் என்றதும் எனக்கு வெனிலா போய் எனாமல் பெயின்ட் மணக்கத் தொடங்கிவிட்டது.

கண்டியில், மார்க்கெட்டுக்குப் பின்னால், நானும் முத்துராஜாவும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தோம். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுதான் முக்கால்வாசித் தொழில். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். எங்கள் தோட்டத்துக்கு ஆபீஸில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயர். அதை நாங்கள் சொன்னதே இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தனியாக ஒரு மரம் நின்றதால் எங்களுக்கு அது ஒத்தமரம். மலைநாட்டில் எந்தத் தோட்டத்துக்கும் இப்படி இரண்டு பெயர் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா?

கடைக்கும் அதையே வைப்போம் என்றான் முத்துராஜா. எனக்குப் பயம். பயம் என்பது மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் வெட்கம். சப்பாத்து போட்டு, தலைக்கு கிரீம் தடவி, டவுன்காரனாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

"தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சா எவன்டா படம் எடுக்க வருவான்?"

"நம்ம ஆளுங்க வருவாங்கடா. பஸ்ஸ விட்டு எறங்குனா, இது நம்ம கடைன்னு தெரியணும்."

மூன்று நாள் வாக்குவாதம். பெயின்டர் ஏணியில் ஏறிய காலையில், முத்துராஜா பிளேன்டீ வாங்கப் போன நேரம் பார்த்து, 'நியூ ஸ்டைல்' என்று எழுதச் சொல்லிவிட்டேன், மூன்று மொழியிலும். இரண்டு கிளாஸோடு வந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"நல்லாருக்கு மச்சான்" என்று ஒரு கிளாஸை என்னிடம் நீட்டினான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அடுத்த வருஷம் கட்டாருக்குப் போனான். ஒரு கடிதம் வந்தது. என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்தே பதில் போடாமல் விட்டேன். இன்றும் அது மனதை அறுக்கிறது.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். அந்த மரத்தையும் வெட்டிவிட்டார்களாம்.

மகளிடம் ஒத்தமரம் என்றேன். "கேக்குக்கா?" என்று சிரித்தாள், ஆனால் அதையே வைத்துவிட்டாள். பார்த்ததும் நம்ம கடை என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவன் எங்கேயாவது இருப்பான். போன் சிணுங்கும்போதெல்லாம் "யாரும்மா?" என்று கேட்கிறேன்.

"கேக் ஓடர்தாம்ப்பா" என்கிறாள்.